12 கலைஞர்கள், ஒரு வேன்: சிறு பாலே குழுவைச் சுற்றுப்பயணத்தில் வளர்க்க ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் இன்று பெரிய பெயரோடு நிற்கும் பாலே குழுக்களில் சில, சிறு பயணக் குழுக்களாகத் தொடங்கியவை. எலிசபெத் வெஸ்ட்டும் பீட்டர் டாரலும் 1957ல் பிரிஸ்டலில் தொடங்கிய வெஸ்டர்ன் தியேட்டர் பாலே, 1969ல் கிளாஸ்கோவுக்கு இடம் மாறி, பிறகு ஸ்காட்டிஷ் பாலே ஆனது. அந்தக் குழுவில் இருந்த லவர்ன் மேயர் 1969ல் மான்செஸ்டரில் தொடங்கியதுதான், இன்று லீட்ஸில் சொந்தக் கட்டடத்தோடு இருக்கும் நார்தர்ன் பாலே. 1978ல் மதிய வேளை நிகழ்ச்சிகளோடு ஆரம்பித்த லண்டன் சிட்டி பாலே நாடு முழுக்கச் சுற்றியது. 1996ல் அது மூடப்பட்டது. 2024ல் புதிய தலைமையில் மறுபடி மேடையேறியது.

இந்தக் கட்டுரை, பிரிட்டனில் 6 பேரோடு தொடங்கி 12, 14 பேர் வரை வளர நினைக்கும் செவ்வியல் பாலே குழுவுக்கானது. வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சம்பளம் தரும் வாரங்களைக் கூட்டுங்கள். அடுத்து ஆட்களைக் கூட்டுங்கள். அதன் பிறகே பெரிய படைப்பு; நேரடி இசையும் வெளிநாடும் கடைசியில். பெரும்பாலான புதிய குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 'ஸ்வான் லேக்' போடலாம் என்று முதலில் முடிவு செய்து, அதற்காக 20 பேரை 5 வாரத்துக்கு எடுத்து, அடுத்த ஆண்டு அவர்களில் பாதிப் பேர்கூடக் கிடைக்காமல் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொடுக்கின்றன. ஒரு வரிசையில் ஆடும் 6 பெண்களின் தலைச் சாய்வும் கையின் உயரமும் மூச்சும் ஒன்றாக வர, அவர்கள் மாதக்கணக்கில் ஒரே வகுப்பில் சேர்ந்து பயிற்சி செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 24 வாரம் சேர்ந்திருக்கும் 10 பேர், 6 வாரம் சேரும் 20 பேரைவிட எப்போதும் நன்றாக ஆடுவார்கள்.

தொடங்கும் முன்: சட்ட வடிவம்

சுருக்கமாக முடித்துவிடலாம். குழுவைத் தனிநபர் பெயரில் நடத்தாதீர்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான சிறு குழுக்கள் பதிவுபெற்ற அறநிறுவனமாக அமைகின்றன. அப்படி அமைந்தால், வரி செலுத்துவோர் தரும் நன்கொடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் பெறலாம். இதற்குக் கிஃப்ட் எய்ட் என்று பெயர். அறக்கட்டளைகளும் அறநிறுவனங்களுக்கே கதவைத் திறக்கும். ஒரு விஷயத்தில் கவனம் தேவை: அறங்காவலராக இருப்பவர் பொதுவாகச் சம்பளம் வாங்க முடியாது. சம்பளத்தில் கலை இயக்குநராக இருக்க நினைப்பவர், அறங்காவலர் குழுவுக்கு வெளியே, அதற்குப் பதில் சொல்லும் ஊழியராக இருக்க வேண்டும். குழுவைத் தொடங்கியவருக்கு இது மனவருத்தம் தரும். ஆனால் இதை முதல் நாளே ஒழுங்குபடுத்தாவிட்டால், மூன்றாம் ஆண்டில் பெரிய மானியம் கேட்கும்போது சிக்கல் வரும்.

நாடக வரிச் சலுகையை முதல் பட்ஜெட்டிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கார்ப்பரேஷன் வரி வட்டத்துக்குள் வரும் நிறுவனம், பாலே படைப்பொன்றை உருவாக்க ஆகும் முக்கியச் செலவில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். 2025 ஏப்ரல் 1 முதல், சுற்றுப்பயணப் படைப்புக்கு 45 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம். அந்தச் செலவில் 80 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். சுற்றுப்பயணம் என்று ஏற்க வேண்டுமானால், குறைந்தது 6 அரங்குகளில் ஆட வேண்டும்; அல்லது 2 அரங்குகளிலாவது மொத்தம் 14 காட்சிகள் நடத்த வேண்டும். 5 ஊர்களில் ஒவ்வொரு காட்சி என்று திட்டம் போட்டிருந்தால், ஆறாவது ஊரைத் தேடுங்கள். அது தன் செலவைத் தானே கொடுத்துவிடக்கூடும்.

முதல் நிகழ்ச்சி: 6 பேர், 75 நிமிடம்

3 பெண்கள், 3 ஆண்கள், இரண்டு பகுதிகள், நடுவில் இடைவேளை. முழுநீளக் கதை வேண்டாம். ஒரு கிராண்ட் பா ட டூ (அறிமுகம், மெதுவான இருவர் நடனம், ஆளுக்கொரு தனி நடனம், முடிவு, ஏறக்குறைய 10 நிமிடம்), ஒரு மூவர் நடனம், இரண்டு தனி நடனங்கள், இரண்டாம் பகுதியில் 25 நிமிடப் புதிய படைப்பு ஒன்று. வரிசையை எழுதும்போது ஒரு விதியை விடாதீர்கள்: பாயின்ட் ஷூவில் (கால்விரல் நுனியில் நின்று ஆட உதவும் கெட்டி நுனி ஷூ) ஆடி முடித்த பெண்ணுக்கு, அடுத்து மேடையேறும் முன் 8 முதல் 10 நிமிடம் வேண்டும். 6 பேர் குழுவில் இந்தக் கணக்கு சரியாக வருவது கடினம். வராவிட்டால் உருப்படியை மாற்றுங்கள். அவள் ஓய்வைக் குறைக்காதீர்கள்.

புதிய படைப்பு கட்டாயம் இருக்கட்டும். காசா பாஞ்சோ 2001ல் லண்டனில் தொடங்கிய பாலே பிளாக், ஒரு கைவிரல்களுக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையிலான கலைஞர்களோடு, புதிய படைப்புகளை எழுதவைத்தே பெயர் பெற்றது. பெரிய குழுக்கள் ஆடும் அதே நடனத்தை மட்டும் ஆடினால், பார்வையாளர் மனத்தில் ஒப்பீடுதான் ஓடும்.

முதல் ஆண்டுகளின் பணத்துக்கு ஒரு பழைய வழி இன்றும் நிற்கிறது. 1956ல் அமெரிக்காவில் ராபர்ட் ஜாஃப்ரி 6 கலைஞர்களை இரவல் ஸ்டேஷன் வேகனில் சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டு, தான் நியூயார்க்கில் தங்கி வகுப்பெடுத்து அவர்களின் சம்பளத்தைச் சம்பாதித்தார். வாரந்தோறும் வருமானம் தரும் ஒரு பள்ளியோ, பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளோ இருந்தால், ஒரு காட்சி ரத்தானாலும் குழு சாயாது. கலைகளுக்குப் பொது நிதி வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்தின் லாட்டரி திட்ட மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 30,000 பவுண்ட் வரை விண்ணப்பம் எளிது. அதற்கு மேல் கேள்விகள் கூடும். மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதம் வேறிடத்திலிருந்து வருவதாகக் காட்ட வேண்டும். பணம் வந்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள்; வரும் என்ற நம்பிக்கையில் போடாதீர்கள்.

எதை ஆடலாம்? உரிமையும் ஆள்கணக்கும்

பிரிட்டனில் பதிப்புரிமை, படைத்தவர் இறந்த பின் 70 ஆண்டு. நடனம் அமைத்த பெத்திபா 1910ல் இறந்தார், இவானவ் 1901ல், இசையமைத்த சைகோவ்ஸ்கி 1893ல். ஆகவே 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' ஆகியவற்றின் மூல நடனமும் இசையும் எல்லோருக்கும் பொது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் மாற்றியமைத்த வடிவம் அவருடையது. யூடியூபில் பார்த்து அப்படியே எடுத்தால் உரிமை மீறல். 'லா ஃபீய் மால் கார்டே' என்ற பாலே 1789லிருந்தே இருக்கிறது. ஆனால் மேடைகளில் அதிகம் காணும் வடிவம் பிரிட்டிஷ் நடன அமைப்பாளர் ஃப்ரெடரிக் ஆஷ்டன் 1960ல் செய்தது. அவர் 1988ல் இறந்தார், அதைத் தொட அனுமதி வேண்டும்.

ஒலிப்பதிவு தனிக் கணக்கு. சைகோவ்ஸ்கி பொது என்றாலும், அவர் இசையை வாசித்த ஆர்கெஸ்ட்ராவின் பதிவு பொது அல்ல. பதிவைப் பயன்படுத்தவும், வெட்டி ஒட்டி லேப்டாப்பில் ஏற்றவும் தனித்தனி அனுமதி தேவை. பதிப்புரிமை உள்ள இசைக்குக் கதை பாலே ஆடினால், அரங்கின் வழக்கமான இசை உரிமம் அதற்குச் செல்லாது. இசை வெளியீட்டாளரிடம் நேரடியாகப் பேச வேண்டும். விடை வர மாதங்கள் ஆகலாம்.

இனி ஆள்கணக்கு. 8 பெண்கள், 4 ஆண்கள் கொண்ட குழுவுக்கு முதல் முழுநீளப் படைப்பாக 'ஜிசெல்' நன்றாகப் பொருந்தும். ஜிசெல் ஒருவர், வில்லிகள் எனப்படும் இறந்த பெண்களின் ஆவிகளுக்கு அரசியான மிர்த்தா ஒருவர், மிச்சம் 6 வில்லிகள். முதல் அங்கத்தில் மிர்த்தா ஆடுபவரே இளவரசி பத்தில்ட் ஆகலாம். 6 வில்லிகளும் ஊர்ப் பெண்கள். ஆண்களில் அல்பிரெக்ட், ஹிலாரியன், தோழன் வில்ஃப்ரெட், விவசாயி. அம்மா வேடமும் பிரபு வேடமும் நடிப்பு வேடங்கள். ஒத்திகை ஆசிரியர்களே ஏற்கலாம். பத்தில்ட் உடையிலிருந்து மிர்த்தா உடைக்கு மாற இடைவேளை போதும்.

'ஸ்வான் லேக்' அப்படி அல்ல. பெரிய அரங்குகளில் 24 அன்னங்கள் ஆடுவார்கள். உங்களிடம் 6 பேர் என்றால், அதில் 4 பேர் சிறு அன்னங்களாக முன்னே வந்ததும் பின்னால் 2 பேர்தான் மிச்சம். ஏரி காலியாகிவிடும். 12 அன்னங்களுக்குக் குறைந்து அதைப் போடாதீர்கள் என்பது உறுதியான அறிவுரை. அரங்க மேலாளர்கள் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள், டிக்கெட் விற்கும் என்பதால். கேட்பது நியாயம், இருந்தாலும் இரண்டாம் அங்கத்தின் இருவர் நடனத்தை மட்டும் கலவை நிகழ்ச்சியில் தரலாம் என்று சொல்லுங்கள். 24 அன்னங்கள் உள்ள படத்தைப் போஸ்டரில் போட்டு 8 பேரை மேடையேற்றினால், அந்த ஊர் அடுத்த முறை டிக்கெட் வாங்காது.

எண்ணிக்கை குறைந்த கூட்ட நடனத்தில் முதலில் உடைவது வடிவம். 6 பேருக்கான வரிசைகளை எழுதும்போதே 5 பேருக்கும் 4 பேருக்கும் எழுதி, ஒத்திகையில் தலா இரண்டு முறையாவது ஆடிப் பாருங்கள். மாலை 5 மணிக்கு ஒருவர் கணுக்கால் வீங்கி உட்கார்ந்ததும் இதை யோசிக்கத் தொடங்கினால், புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனது போல எல்லாக் கோடுகளும் திரியும். 5 பேர் வடிவத்தில் ஒருவரை நடுவில் வைத்து, இருபக்கமும் இருவர் இருவராக நிறுத்துவது எளிது. காலியான இடத்தை அப்படியே விட்டு ஆடுவதுதான் மோசமான தீர்வு. ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் இரண்டு பெயர்கள் எழுதிய பட்டியல் ஒத்திகை அறைச் சுவரில் முதல் வாரமே இருக்க வேண்டும்.

பெரிய கூட்டத்தோடு முழுநீளப் படைப்புகளைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ராம்பெர் பாலேயின் வரலாறு சாட்சி. 1926லிருந்து வேர்விட்ட அந்தக் குழு, பெரிய செவ்வியல் படைப்புகளோடு நாடு சுற்றும் செலவைத் தாங்க முடியாமல், 1966ல் சிறிய நவீன நடனக் குழுவாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

இதற்கு மறுபக்கம் ஆன்னா பாவ்லோவா. லண்டனை வீடாகக் கொண்டு உலகம் சுற்றிய அவர் குழு, குறுகிய பாலேக்களையும் தனி உருப்படிகளையும் சேர்த்த நிகழ்ச்சியை, பாலேயே பார்த்திராத ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோனது. 1928ல் அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி, அந்தக் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்றதும், சொந்த மண்ணின் நடனத்தைத் தேடும்படி பாவ்லோவா அவரிடம் சொன்னதும் நமக்குத் தெரிந்த வரலாறு. சிறு நிகழ்ச்சி என்றால் சிறு தாக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தரை

குழு வாங்கும் முதல் பெரிய பொருள் உடையோ விளக்கோ ஆக இருக்கக் கூடாது. நடனத் தரையாக இருக்க வேண்டும். சிறு அரங்குகளின் மேடை பிளவுபட்ட மரப்பலகையாகவோ, வார்னிஷ் பூசியதாகவோ, சில இடங்களில் கான்கிரீட் மேல் ஒட்டிய பலகையாகவோ இருக்கும். வழுக்கல் உங்களால் சரிசெய்யக் கூடியது. கான்கிரீட்டை ஒன்றும் செய்ய முடியாது. அதில் குதித்து இறங்கினால் முன்னங்கால் எலும்பில் வலி வரும், தொடர்ந்து ஆடினால் நுண்முறிவும் வரும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் அரங்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேடைப் பலகைக்குக் கீழே என்ன இருக்கிறது? 'கான்கிரீட்' என்றால், அழுத்தம் தாங்கும் அடித்தரையை வாடகைக்கு எடுக்கும் செலவைச் சேருங்கள், அல்லது அந்த ஊரை விடுங்கள்.

10 மீட்டர் அகலம், 8 மீட்டர் ஆழம் உள்ள ஆடுபரப்புக்கு, 2 மீட்டர் அகலத்தில் 10 மீட்டர் நீளமுள்ள வினைல் சுருள்கள் 4 தேவை. இலகு ரகத்தில் ஒரு சுருள் சுமார் 30 கிலோ, இருவர் தூக்கலாம். மூன்று இணைப்புகளுக்கு 30 மீட்டர், சுற்று விளிம்புக்கு 36 மீட்டர், ஆக 66 மீட்டர் டேப். 33 மீட்டர் டேப் சுருள் 2 சரியாகப் போதும், 3 எடுத்துப்போங்கள். விரிக்கும் முறை இது:

1. மேடையைப் பெருக்கி, ஆணி, ஸ்டேப்பிள், பழைய டேப் எல்லாவற்றையும் கையால் தடவித் தேடி எடுக்கவும். வினைலுக்கு அடியில் ஒரு ஸ்டேப்பிள் இருந்தால் ஒரே காட்சியில் ஓட்டை விழும்.

2. பார்வையாளர் பக்கத்திலிருந்து தொடங்கி, சுருள்களை இடவலமாக விரிக்கவும். குளிர்காலத்தில் வேனில் இரவு முழுக்கக் கிடந்த வினைல் விறைத்து அலையலையாக நிற்கும். உடனே டேப் ஒட்டினால், அரங்கு சூடானதும் அது விரிந்து நடுவில் மேடு எழும். ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு, அந்த நேரத்தில் திரைகளைக் கட்டுங்கள்.

3. இரு சுருள்களின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், நூலளவு இடைவெளியோடு பக்கம் பக்கமாக வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி டேப் ஒட்டவும்.

4. வெந்நீரில் மிகக் குறைந்த அளவு நடுநிலைத் துப்புரவுத் திரவம் கலந்து துடைக்கவும். சோப்பு, மெழுகு கூடாது. ரோசின் தூளை (வழுக்காமல் இருக்க ஷூவில் தேய்க்கும் பிசின் தூள்) வினைல் மேல் போட வேண்டாம்; அது ஒரு இடத்தில் ஒட்டி, பக்கத்து இடத்தில் வழுக்கும். ஷூவின் நுனியை ஈரத்துணியில் ஒற்றிக்கொள்வது நல்லது.

5. காட்சி முடிந்ததும் டேப்பை முழுக்க உரித்த பிறகே சுருட்டவும். கெட்டி அட்டைக் குழாயில் சுருட்டி, படுக்கவைத்து ஏற்றவும். மேலே விளக்குப் பெட்டியை வைத்தால் நிரந்தரமாக மடிப்பு விழும்.

பிரிட்டனின் பழைய அரங்குகள் பலவற்றில் மேடை பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். 24க்கு 1 என்பது அடிக்கடி காணும் சரிவு. தட்டையான அறையில் பழகியவர்கள் அதில் சுழலும்போது உடல் எடை தானாக முன்னே போகும். அந்த ஊரில் அன்றைய பயிற்சி வகுப்பை மேடையிலேயே நடத்துங்கள், சுழற்சிக்குக் கூடுதலாக 10 நிமிடம் கொடுங்கள்.

ஷூ, உடை

8 பெண்கள், 10 வாரப் பயணம், வாரத்துக்கு ஆளுக்கு ஒரு ஜோடி என்றாலே 80 ஜோடி பாயின்ட் ஷூ. முதன்மை வேடக்காரர் ஒரே காட்சியில் ஒரு ஜோடியை முடித்துவிடுவார், ஆகவே 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவினைஞர் செய்யும் ஷூவில், குறிப்பிட்ட ஒருவரின் முத்திரை உள்ள ஷூவைத்தான் ஒரு கலைஞர் அணிவார். ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் ஆகும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். ஷூவும் டைட்ஸும் தோல் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று கலைஞர்கள் கேட்டால், சாயம் பூசும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். பழுப்பு நிறப் பாயின்ட் ஷூக்கள் 2018லிருந்து பிரிட்டிஷ் தயாரிப்பாளரிடம் கிடைக்கின்றன.

தட்டை டூட்டூவில், அதாவது இடுப்பிலிருந்து தட்டு போல விரியும் பாலே பாவாடையில், 10 அடுக்குக்கு மேல் நெட் துணி இருக்கும். விட்டம் ஒரு மீட்டர் அளவு. தொங்கவிட்டால் பாவாடை சரிந்துவிடும். தலைகீழாகவோ, வட்டப் பையில் அடுக்கிப் படுக்கவைத்தோ கொண்டுபோக வேண்டும். வேனில் அதிக இடம் பிடிப்பவை இவைதான், எடை ஒன்றுமில்லை. உடையின் முதுகில் கொக்கிகளுக்கு மூன்று வரிசை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மாற்று ஆட்டக்காரர் வந்தால் ஊசி எடுக்க வேண்டாம். டூட்டூவைத் துவைக்க முடியாது. வோட்காவில் தண்ணீர் கலந்து அக்குள் பகுதியில் தெளித்து, காற்றோட்டமாக விடுவதே உடைப் பிரிவின் வழக்கம்.

காட்சித் திரைகளுக்குத் தீ தடுப்புச் சான்றிதழ் வேண்டும். அசல் தாள் மேடை மேலாளர் கோப்பில் இருக்கட்டும். சான்று இல்லாவிட்டால் அரங்கின் தொழில்நுட்ப மேலாளர் திரையைத் தூக்கவிட மாட்டார், அவர் செய்வது சரி.

அரங்கோடு ஒப்பந்தம்

நடுத்தர அரங்குகள் 9 முதல் 18 மாதம் முன்பே நாள்களை முடிவு செய்கின்றன. மூன்று வகை ஒப்பந்தங்கள்: உறுதித் தொகை, டிக்கெட் வருமானப் பங்கு, வாடகை. புதிய குழு உறுதித் தொகையைக் கேட்க வேண்டும், குறைவாக இருந்தாலும். வாடகைக்கு அரங்கு எடுப்பதை முதல் மூன்று ஆண்டுகள் தவிர்த்துவிடுங்கள். நஷ்டம் முழுக்க உங்களுடையதாகிவிடும்.

பங்கு ஒப்பந்தத்தில் ஒரு மாதிரிக் கணக்கு. 400 இருக்கை, 60 சதவீதம் நிரம்பினால் 240 டிக்கெட். சராசரி 24 பவுண்ட் என்றால் 5,760. அதிலிருந்து 20 சதவீத வாட் வரி கழிந்து 4,800. குழுவுக்கு 70 சதவீதம் என்றால் 3,360. விளம்பரச் செலவு, கார்டு கட்டணம் என்று அரங்கு பிடிப்பது 350 போனால், கையில் 3,010.

செலவுப் பக்கம்: 12 கலைஞர்களுக்கு முதலாளி செலுத்தும் காப்பீட்டுத் தொகையோடு வாரம் 600 வீதம் 7,200. மேடை மேலாளர், விளக்கு, உடை மூவருக்கு 2,200. வேன், மினிபஸ், எரிபொருள் 1,200. 15 பேருக்கு 4 இரவு, தலைக்கு 45 வீதம் 2,700. ஷூ 400. மொத்தம் 13,700. இது மாதிரிதான், சம்பளத்தைக் கலைஞர்களின் தொழிற்சங்கமான ஈக்விட்டியின் நடப்பு விகிதத்தோடு ஒப்பிட்டு நிரப்புங்கள். ஆனால் கணக்கின் வடிவம் மாறாது: வாரம் 4 காட்சி என்றால் 12,040 வரும், நஷ்டம், 5 காட்சி என்றால் 15,050, கொஞ்சம் மிஞ்சும். ஐந்தாவது காட்சி, அதாவது சனிக்கிழமைப் பகல் காட்சி, குழுவின் உயிர். அது இரண்டாவது இரவுத் தங்கலையும் கேட்காது, தரையை மறுபடி விரிக்கவும் சொல்லாது.

ஒப்பந்தத்தில் அரங்கு பிடிக்கும் தொகைகளுக்கு உச்சவரம்பு எழுதுங்கள். 'நியாயமான விளம்பரச் செலவு' என்று எழுதியிருந்தால் கையெழுத்து போடாதீர்கள். எண் வேண்டும்.

ஊர் வரிசையை வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 11 மணி நேரத் தொடர் ஓய்வு ஊழியருக்குச் சட்டப்படியான உரிமை. இரவு 11.30க்கு வேலை முடிந்தால் மறுநாள் காலை 10.30க்கு முன் அழைக்க முடியாது. நியூகாசிலில் முடித்து மறுநாள் எக்ஸிடரில் ஆடுவது என்பது, காகிதத்திலும் நடக்காத காரியம். ஆடிய கலைஞரை இரவில் வண்டி ஓட்டவிடாதீர்கள். 1997க்குப் பிறகு கார் உரிமம் எடுத்தவர் டீசல் வேனை 3.5 டன் வரைதான் ஓட்டலாம். அந்த எடையில் லூட்டன் வேன் (பெட்டி போன்ற பின்பகுதி உள்ள சரக்கு வேன்) ஏறக்குறைய ஒரு டன் சரக்கு மட்டுமே ஏற்கும். தரை, திரை, உடை, சில விளக்குகள் ஏற்றினால் அது நிறைந்துவிடும். புதிய படைப்பின் வடிவமைப்பாளருக்கு முதலில் கொடுக்க வேண்டிய தாள், வேனின் உள்ளளவு.

ஒரு நாள்

9.00 உள்ளே ஏற்றுதல். மேடை துடைத்து வினைல் விரித்தல். 10.00 திரைகள், பக்கவாட்டு விளக்குத் தூண்கள்: ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4, ஒவ்வொன்றிலும் முழங்காலுக்குக் கீழ், இடுப்பு, தலை உயரத்தில் விளக்குகள். பாலேயில் உடல் முப்பரிமாணமாகத் தெரிவது பக்க ஒளியால்தான். முன்னாலிருந்து மட்டும் அடித்தால் கால்கள் தட்டையாகிவிடும். 11.30 விளக்குக் குவித்தல். 2.30 மேடையில் வகுப்பு, 75 நிமிடம். எடுத்துச்செல்லும் கைப்பிடிக் கம்பிகள் 4 போதும். 4.00 இட ஒத்திகை. முழு ஓட்டம் வேண்டாம். வரிசைகள், நுழைவுகள், தூக்குதல்கள், பின்திரைக்குப் பின்னால் கடக்க ஒரு மீட்டர் வழி இருக்கிறதா என்பது மட்டும். வழி இல்லாவிட்டால் யார் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார் என்பதை இப்போதே கண்டுபிடிக்க வேண்டும். 5.30 உணவு. 6.55 'ஹாஃப்' அறிவிப்பு, திரை உயர 35 நிமிடம் முன். 7.30 காட்சி. 9.45 இறக்குதல், 11.30க்குள் கதவு மூடல்.

பதிவு இசைக்கு இரண்டு லேப்டாப்கள், ஒரே கோப்புகளோடு. ஒவ்வொரு தனி நடனத்துக்குப் பிறகும் கைதட்டலுக்கு இடம்விட்டு, கோப்பைத் தனித்தனியாக வெட்டிவையுங்கள். இசை நடத்துநர் இல்லாத இடத்தில், வணக்கம் முடிந்ததா என்று பார்த்து அடுத்ததைத் தொடங்குபவர் மேடை மேலாளர். அவர் கண்ணுக்கு மேடை முழுக்கத் தெரிய வேண்டும்.

வளரும் ஆண்டுகள்

ஒவ்வொரு ஆண்டும் ஒரே ஒரு பெரிய மாற்றம். வாரங்கள் 8லிருந்து 14 ஆனதா, அந்த ஆண்டு ஆட்களைக் கூட்டாதீர்கள். 24 வாரத்தைத் தொட்ட பிறகு 12 பேர். 30 வாரத்துக்குப் பிறகு 14. பயணம் இல்லாத மாதங்களில் பள்ளிப் பட்டறைகள் வாரங்களை நீட்டிக்க உதவும். காட்சி நாளின் காலையிலேயே உள்ளூர்ப் பள்ளியில் ஒரு மணி நேரப் பட்டறை நடத்தினால், மாலை டிக்கெட்டும் விற்கும். ஆனால் அன்றிரவு முதன்மை வேடம் ஆடுபவரை அதற்கு அனுப்பாதீர்கள்.

'நட்கிராக்கர்' போடும் ஆண்டில் ஒவ்வொரு ஊரிலும் உள்ளூர்க் குழந்தைகளைச் சேர்ப்பது பல குழுக்களின் வழக்கம். அரங்கு நிரம்பும். ஆனால் குழந்தை நிகழ்த்துநருக்குப் பொதுவாக உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். 21 நாளுக்குக் குறைவாக விண்ணப்பித்தால் மறுக்கலாம். ஒரு பதிவுபெற்ற காப்பாளருக்கு அதிகபட்சம் 12 குழந்தைகள். முதல் ஒத்திகைக்கு உள்ளூர் ஆசிரியரிடம் வீடியோவும் இசையின் தாள எண்ணிக்கை எழுதிய தாளும் 8 வாரம் முன்பே போயிருக்க வேண்டும்.

நேரடி இசையை ஆர்கெஸ்ட்ராவோடு தொடங்காதீர்கள். ஒரு பியானோ, அல்லது பியானோவும் வயலினும், ஒரே ஒரு குறும்படைப்புக்கு. பதிவின் மாறாத வேகத்துக்குப் பழகிய கலைஞர்களுக்கு, வாசிப்பவர் தங்களைப் பார்த்து வாசிக்கிறார் என்பதே புது அனுபவம். முதல் வாரம் தடுமாறுவார்கள். கூடுதலாக 4 ஒத்திகைகள் வையுங்கள்.

ஐரோப்பாவுக்குப் போகும்போது, பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ளவர் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். வேலை அனுமதி விதி நாட்டுக்கு நாடு வேறு. ஒவ்வொரு அரங்கிடமும் எழுத்தில் கேளுங்கள். சரக்கு வேனில் போகும் பொருள்களுக்கு ஏ.டி.ஏ. கார்னே (பொருள்களை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்க ஆவணம்) எடுத்துவிடுங்கள். ஓராண்டு வரை செல்லும். ஒவ்வொரு டூட்டூ, திரை, விளக்கு, வினைல் சுருளும் எண்ணிக்கை, எடை, மதிப்போடு அதில் இருக்க வேண்டும். போகும்போதும் திரும்பும்போதும் சுங்கத்தில் முத்திரை வாங்குங்கள். தீர்ந்துபோகும் டேப் போன்றவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது; கொண்டுபோன எதுவும் திரும்பி வராவிட்டால் அதற்கு வரி கேட்டு வரும்.